பேஸ் எங்கே போனது? டவர் ஸ்பீக்கர் கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்பீக்கர் பெட்டி அடிப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. "பேஸ் வரலை" என்று, அதாவது 'தம்'மென்ற அடிச்சத்தம் வரவில்லை என்று, தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கரைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வருகிற பலரைப் பெட்டியில் கை வைக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெட்டி நன்றாகத்தான் இருக்கும். வீட்டு ஹால்தான் பேஸைத் தின்றுகொண்டிருக்கும். நம் பக்கத்து ஆட்கள் கேட்ட கேள்விகள் சில, என் பதில்களோடு.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: "அண்ணே, கடையில் கேட்டபோது நெஞ்சில் வந்து இடித்தது. வீட்டில் மாட்டினால் சத்தம் இருக்கிறது, 'தம்'மென்று இல்லை. ஒவ்வொரு டவரிலும் ஆறரை இன்ச் வூஃபர் இரண்டு. ஹால் 10-க்கு 14 அடி, சோபா நடுவில். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) மாற்ற வேண்டுமா?"

ஆம்ப்பை விடுங்கள் தம்பி, முதலில் ஒயரைப் பாருங்கள். ஒரு டவரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தால், ஒரு பக்கத்துக் கோன், அதாவது பேஸ் தரும் வூஃபரில் ஆடுகிற கூம்பு, முன்னால் தள்ளும்போது மறுபக்கத்துக் கோன் பின்னால் இழுக்கும். பேஸ் அலை நீளமானது. 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 தடவை அதிரும் அலை ஒன்று கிட்டத்தட்ட 28 அடி. ஆறேழு அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு பெட்டிகளும் இப்படி எதிரும் புதிருமாக ஆடினால் அந்த அலை ஒன்றை ஒன்று அடித்துக் காலியாகிவிடும். குரலும் ஜால்ராவும் வழக்கம்போல வரும். அதனால்தான் சத்தம் இருக்கிறது, கனம் இல்லை என்று தோன்றும். ஆம்ப்பை அணைத்துவிட்டு ஒரே ஒரு டவரில் மட்டும் இரண்டு ஒயரையும் மாற்றிச் சொருகி, அதே பாட்டைப் போட்டுப் பாருங்கள். எப்படிப் போட்டால் பேஸ் கூடுகிறதோ அதுதான் சரியான இணைப்பு.

அதில் குறை இல்லையென்றால் உங்கள் சோபாதான் குற்றவாளி. 14 அடி நீளமுள்ள ஹாலில் சுவருக்குச் சுவர் மோதி நிற்கும் முதல் அலை சுமார் 41 ஹெர்ட்ஸ். அது இரண்டு சுவர் ஓரத்திலும் உச்சத்தில் இருக்கும், சரியாக நடுவில் ஒன்றுமே இருக்காது. பேஸ் கித்தாரின் தடித்த கம்பியைச் சும்மா தட்டினால் வருவதும் 41 ஹெர்ட்ஸ்தான். நீங்கள் அதைக் கேட்கவே முடியாத இடமாகப் பார்த்து சோபா போட்டிருக்கிறீர்கள். பின்சுவரிலிருந்து ஐந்து அடி இருக்கும்படி சோபாவைத் தள்ளுங்கள்.

டவரையும் சுவரிலிருந்து ரொம்ப விலக்க வேண்டாம். பெட்டியின் முன்முகம் சுவரிலிருந்து 3 அடியில் இருந்தால், பின்னால் போய்ச் சுவரில் மோதித் திரும்பும் அலை 95 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு குழி பறிக்கும், அந்தச் சத்தம் மட்டும் அமுங்கிப்போகும். 2 அடிக்கு நெருக்கினால் அந்தக் குழி 140 பக்கம் ஏறிவிடும், அடியில் பேஸ் நிறையும். மூலையை நோக்கித் தள்ளத் தள்ள இன்னும் கூடும், ஆனால் கூடவே கூழாகவும் ஆகும். ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்திக் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் அக்கா: "டவருக்குப் பின்னால் இருக்கும் ஓட்டைக்குள் கரப்பான்பூச்சி போகிறது என்று பழைய துணியை அடைத்து வைத்திருக்கிறேன். அதிலிருந்து சவுண்ட் சரியில்லை என்று வீட்டுக்காரர் புலம்புகிறார். துணிக்கும் சவுண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

ரொம்பவே சம்பந்தம் உண்டு அக்கா. அது காற்றோட்டத்துக்கு விட்ட ஓட்டை இல்லை, போர்ட். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே வேலையைத்தான் அந்தக் குழாய் செய்கிறது. கோன் களைத்துப்போகும் ஆழத்தில் பேஸைத் தூக்கிக் கொடுப்பது அதுதான். துணியை எடுத்துவிட்டு, கொசுவலைத் துண்டை வாயில் இறுக்கமாகக் கட்டி ஒட்டுங்கள். தொளதொளவென்று இருந்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். போர்ட் பின்பக்கம் இருப்பதால் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் அரை அடியாவது காற்று போக இடம் விடுங்கள்.

பேஸ் 'கொழகொழ' என்று அதிகமாக இருக்கிறவர்கள், இதே வேலையை வேண்டுமென்றே செய்யலாம். போர்ட்டில் பஞ்சு அடைத்தால் அளவு குறையும், அடி சுத்தமாகும். அக்கா, உங்கள் வீட்டில் நோயே இல்லாமல் மருந்து கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ராயபுரத்திலிருந்து ஒருவர்: "பழைய காலத்து வீடு. சுவர் கனமான சுண்ணாம்புக் கட்டடம். ரூம் 10-க்கு 10, உயரமும் கிட்டத்தட்ட 10. சில பாட்டில் ஒரே ஒரு பேஸ் நோட் மட்டும் காதை அடைக்கிறது, மற்றதெல்லாம் காணோம். சுவரில் முட்டைத் தட்டு ஒட்டலாமா?"

ஸ்பீக்கருக்கு வந்த மோசமான ரூம் இதுதான் சார். நம் பக்கத்தில் பாதி வீட்டில் இந்த அளவுதான், என்ன செய்வது. 10 அடியில் நிற்கும் முதல் அலை சுமார் 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று அலைகளும் அதே 57-ல் வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருகின்றன. அதுதான் உங்கள் காதை அடைக்கும் அந்த ஒரே நோட்டு. நீளம் 14, அகலம் 10, உயரம் 9 என்று இருந்திருந்தால் அவை 41, 57, 63 என்று பிரிந்து நின்றிருக்கும். கனமான சுவர் வேறு பேஸை வெளியே விடாமல் திருப்பி அடிக்கும்.

முட்டைத் தட்டு வேண்டாம். ஒரு இன்ச் ஃபோமும் வேண்டாம். 57 ஹெர்ட்ஸ் அலையின் கால்வாசி நீளமே 5 அடி. அதை இவ்வளவு மெல்லிய பொருளால் பிடிக்க முடியாது. அது மேல் சுரத்தை மட்டும் தின்றுவிட்டு சத்தத்தை இன்னும் மங்கலாக்கும். வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் சுருட்டி மூலையில் நிறுத்திப் பாருங்கள், கொஞ்சம் அடங்கும். அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்.

இங்கே பெரிய பலன் தருவது உட்காரும் இடம்தான். பேஸ் நிறைய உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, நீங்கள் ரூமில் நடந்து பாருங்கள். நின்றும் உட்கார்ந்தும் கேளுங்கள். ரூம் நடுவில் செத்துக்கிடக்கும், மூலையில் இடி இடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் சமமாகக் கேட்கும், அங்கே நாற்காலியைப் போடுங்கள். பாய் போட்டுக் கீழே உட்காருகிற பழக்கம் இருந்தால் பேஸ் இன்னும் கூடும், ஆனால் டவரின் ட்வீட்டர் (மேல் சுரம் தரும் சின்ன ஸ்பீக்கர்) தலைக்கு மேலே போய்விடும், குரல் மங்கும். மீதி இருக்கும் உப்பலை ஈக்வலைசரில் (ஒவ்வொரு சுரப்பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) 57 பக்கம் நாலைந்து டெசிபல் குறைத்துக்கொள்ளலாம். குறைக்கத்தான் ஈக்வலைசர். ரூம் விழுங்குகிற குழியை அதை வைத்து நிரப்பப் போனால், எவ்வளவு ஊற்றினாலும் குழி அதையும் விழுங்கும்.

வியாசர்பாடியிலிருந்து: "ஹோம் தியேட்டர் ரிசீவரில் டவர் மட்டும்தான், சப்வூஃபர் இல்லை. பாட்டு கேட்டால் பேஸ் நன்றாக வருகிறது. படத்தில் குண்டு வெடித்தால் ஊசிப்பட்டாசு மாதிரி கேட்கிறது."

உங்கள் வர்ணனையிலேயே விடை இருக்கிறது. ரிசீவர் மெனுவில் சப்வூஃபர் (ஆழமான பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டி) 'யெஸ்' என்று இருக்கும், போய்ப் பாருங்கள். படத்தின் சவுண்ட் டிராக்கில் வெடி, இடிக்கென்று தனித் தடம் ஒன்று உண்டு, எல்எஃப்இ என்பார்கள். மற்ற சானல்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும்படி அமைந்த தடம் அது. சப் இருக்கிறது என்று ரிசீவர் நம்பினால் அதை முழுசாகப் பின்னால் உள்ள அந்தக் காலி சாக்கெட்டுக்கு அனுப்பிவிடும். 'நோ' என்று மாற்றி, முன் ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்று வையுங்கள். அந்தத் தடம் டவருக்கு வரும். 'நைட் மோட்' போட்டிருந்தால் அதையும் அணையுங்கள். டிவி இரண்டு சானலாகக் குறைத்து அனுப்பினாலும் அந்தத் தடம் பெரும்பாலும் வழியிலேயே கழன்றுவிடும், டிவி ஆடியோ செட்டிங்கில் 'பிட்ஸ்ட்ரீம்' தேர்ந்தெடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைச் செய்ததும் ஆசையில் வால்யூமை ஏற்றிவிடாதீர்கள். போர்ட் வைத்த பெட்டி, அது டியூன் செய்யப்பட்ட ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒரு ஸ்தாயி இறங்குவதற்குள் சுமார் 24 டெசிபல் விழுந்துவிடும். அங்கே காற்றின் பிடி இல்லாமல் கோன் வெறுமனே முன்னும் பின்னும் பாயும். 'டக் டக்' என்று கேட்டால் உடனே குறையுங்கள்.

மூலக்கடையிலிருந்து: "பேஸ் நாபை முழுதாகத் திருப்பியும் போதவில்லை. 200 வாட் ஆம்ப் வாங்கலாமா? இப்போது இருப்பது 100."

இரண்டு மடங்கு வாட்டுக்குக் கிடைப்பது 3 டெசிபல்தான். கவனித்தால் தெரியும், வீட்டில் யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் பேஸ் நாபில் 10 டெசிபல் ஏற்றுவது என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் ஆம்ப்பிடம் பத்து மடங்கு பவர் கேட்கிறீர்கள். அது கொடுக்க முடியாமல் சுரம் உடையும், ட்வீட்டர் போவதும் அப்படித்தான். நாபை நடுவுக்குக் கொண்டுவந்து, முதல் பதிலில் சொன்ன வேலைகளைச் செய்யுங்கள். அப்புறமும் ஆழம் வேண்டும் என்றால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல சப்வூஃபர் வாங்குங்கள், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனிடம் ஒப்படைத்துவிடுங்கள். டவருக்கும் மூச்சு வரும்.

காசிமேட்டிலிருந்து: "ஆறு வருஷம் அருமையாக இருந்தது. இப்போது பேஸ் வந்தாலே 'கர்ர்' என்கிறது."

கோனைச் சுற்றி இருக்கும் வளையத்தை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசு என்று உதிர்ந்தால் அது ஃபோம், ஆயுள் முடிந்துவிட்டது. ஈரக்காற்றில் ஃபோம் சீக்கிரம் மட்கும், கடற்கரையில் கேட்கவே வேண்டாம். ரப்பர் வளையம் அதிகம் தாங்கும். வூஃபரைத் தூக்கிப் போடாமல் வளையத்தை மட்டும் மாற்றலாம். நான் தொழில் கற்ற புதிதில் கோனை நடுவில் நிறுத்தாமல் அவசரமாக ஒட்டி, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) காந்தத்தில் உரசி, நல்ல ஜோடி ஒன்றைக் கெடுத்து, கைக்காசு போட்டு வேறு வாங்கிக் கொடுத்தேன். அதனால் பழகிய கையிடம் கொடுங்கள். வளையம் நன்றாக இருந்தால், ஒயர் முனை பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிப் புதுசாகச் சீவிப் போட்டால் சரியாகும்.

திருவொற்றியூரிலிருந்து: "ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஸ்பீக்கர் கேபிள் போட்டால் பேஸ் கூடுமா?"

கூடாது. எலக்ட்ரிக்கல் கடையில் வீட்டு வயரிங்குக்கு விற்கிற 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் போதும்.

கொடுங்கையூரிலிருந்து: "சிமென்ட் ஷீட் கூரை வீடு. பேஸ் வந்தால் கூரைதான் பாடுகிறது."

மெல்லிய கூரை பேஸை வெளியே விட்டுவிடும். உள்ளே கனம் குறைவதும், தெருவுக்கே கேட்பதும் அதனால்தான். உங்களிடம் உறுதியாக இருப்பது செங்கல் சுவர் மட்டும், எனவே டவரை அதற்கு நெருக்கமாக, மூலைப் பக்கம் வையுங்கள். ஷீட் போல்ட்டுகளை ரப்பர் வாஷர் போட்டு முறுக்கச் சொல்லுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் புதிதாக ஓட்டை மட்டும் போட வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

பெரம்பூரிலிருந்து: "ராத்திரி குழந்தை தூங்கும். மெதுவாக வைத்தால் பேஸே இல்லை. கீழ்வீட்டுக்காரரும் சண்டைக்கு வருகிறார்."

மெதுவாக வைத்தால் நம் காது பேஸை மற்ற சத்தங்களைவிட அதிகமாக விட்டுவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வைத்துவிட்டார்கள். ஆம்ப்பில் 'லவுட்னஸ்' பட்டன் இருப்பது இதற்குத்தான். ராத்திரி மட்டும் அதைப் போடுங்கள், பகலில் அணைத்துவிடுங்கள். நாற்காலியை டவருக்கு ஐந்தடிக்குள் இழுத்துப் போட்டால் வால்யூம் இன்னும் குறைவாகவே போதும். பெட்டிக்கு அடியில் கூர் ஆணி இருந்தால் கழற்றிவிட்டுத் தடித்த ரப்பர் வையுங்கள், தரை வழியாக இறங்கும் அதிர்வு கொஞ்சம் குறையும். காற்றில் போகும் பேஸை ரப்பர் தடுக்காது, அதனால் பத்து மணிக்கு மேல் படம் பார்க்கும் நாளில் கீழ்வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.