நகராட்சி கோல்ஃப் மைதானத்தை கம்பெனிக்குக் கொடுக்கலாமா?

"சிலர் மட்டுமே ஆடுகிற மைதானம், கம்பெனிக்குக் கொடுத்தால் என்ன?" என்பது கேள்வி. அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள மெல்ரீஸ் கோல்ஃப் மைதானத்தைப் பாருங்கள். மாநகரத்துக்குச் சொந்தமான 131 ஏக்கர். முன்னாள் கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் பங்குதாரராக உள்ள குழு அங்கே கால்பந்து அரங்கம், ஹோட்டல், கடைகள் கட்டக் கேட்டது. 2018இல் நகர மக்களிடம் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 60 சதவீதம் பேர் சரி என்றார்கள். கோல்ஃப் பிரியர்களை விடுங்கள்; மற்றவர்களை உறுத்தியது, டெண்டரே விடாமல் ஒரே குழுவிடம் பேரம் பேசியதுதான். நியாயமான கோபம். அப்புறம் மண்: பழைய எரிஉலைச் சாம்பல் புதைந்த நிலம், ஆர்சனிக் என்ற நச்சு வேறு. 2022இல் 99 ஆண்டுக் குத்தகை நிறைவேறியது. 58 ஏக்கர் பொதுப் பூங்காவுக்கு. உங்கள் ஊரிலும் வண்ணப் படங்களைப் பார்த்து மயங்காமல் குத்தகைப் பத்திரத்தைக் கேளுங்கள்: வாடகை எப்போது ஏறும், மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு யார் தலையில், முதலில் வருவது பூங்காவா கடைகளா?