லொறியில் வந்தவர் பிரித்தானியக் குடியுரிமைக்கு எப்படிப்பட்ட சொலிசிட்டரை நாட வேண்டும்?

கேள்வி: 2010ஆம் ஆண்டின் இறுதியில் கலேயிலிருந்து லொறிக்குள் ஒளிந்து, டோவர் வழியாக இங்கிலாந்துக்கு வந்தேன். உள்துறை அமைச்சான ஹோம் ஆபிஸ் எனது புகலிடக் கோரிக்கையை முதலில் நிராகரித்தது. மேன்முறையீட்டில் வென்று 2016இல் அகதி அந்தஸ்தும் 2022இல் நிரந்தர வதிவிட உரிமையும் பெற்றேன். இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். எங்கள் பகுதியில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவர் 350 பவுண்டுக்கு எல்லாவற்றையும் செய்து தருவதாகச் சொல்கிறார். லொறியில் வந்ததை எங்கும் எழுத வேண்டாம் என்கிறார். என்னைத் தெரியும் என்று உறுதிப்படுத்த வேண்டிய இருவரையும் தானே பிடித்துத் தருவாராம். எங்கள் மகளுக்கு 11 வயது. நானும் மனைவியும் புகலிடம் கோரிக் காத்திருந்த காலத்தில் அவள் இங்கேயே பிறந்தாள். நல்ல சொலிசிட்டர் ஒருவரை எப்படி இனங்காண்பது? (வாசகர், ஹரோ)

பதில்: முதலில், அந்த நபரிடம் பணம் கொடுக்காதீர்கள்; ஏற்கனவே கொடுத்திருந்தாலும் அவர் நிரப்பிய படிவத்தை அனுப்ப விடாதீர்கள். உரிய அங்கீகாரம் இல்லாதவர் குடிவரவு, குடியுரிமை தொடர்பாக ஆலோசனை வழங்குவது 1999ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் புகலிடச் சட்டத்தின்படி குற்றம். அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். நீங்கள் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதித் தருவது வேறு, எதை எழுதலாம், எதை விடலாம் என்று சொல்லித் தருவது வேறு. அவர் செய்வது இரண்டாவது. உறுதிப்படுத்தும் இருவரும் உங்களைக் குறைந்தது மூன்று ஆண்டுகளாக நேரில் அறிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. முன்பின் தெரியாதவரின் கையெழுத்தைப் பெற்றால் விண்ணப்பமே பொய்யாகிவிடும். அந்தப் படிவத்தில் எல்லாம் உண்மை என்று உறுதி கூறுபவர் நீங்கள். அவருடைய பெயர் அதில் எங்குமே இருக்காது. முக்கியமான விடயத்தை மறைத்துப் பெற்ற குடியுரிமையை, பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், 1981ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவின் கீழ் பறிக்க முடியும்.

மறைப்பதால் பயனும் இல்லை. நீங்கள் புகலிடம் கோரியபோது நடந்த முதல் ஸ்கிரீனிங் நேர்காணலில் எந்த வழியாக, எந்த வாகனத்தில் வந்தீர்கள் என்று கேட்டிருப்பார்கள். உங்கள் பதிலை அதிகாரி எழுதி வைத்திருப்பார். குடியுரிமை விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் அந்தக் கோப்பையும் எடுத்துப் பார்க்க முடியும்.

உங்கள் விடயம் சிக்கலானது என்று நான் சொல்வதற்குக் காரணம், 2025 பெப்ரவரி 10இல் வந்த மாற்றம். அதற்கு முன்னர், சட்டவிரோதமாக நுழைந்து பத்து ஆண்டுகள் கடந்திருந்தால், பொதுவாக அதை, குடியுரிமைக்குத் தேவைப்படும் நன்னடத்தைக்கு எதிராகக் கொள்ள மாட்டார்கள். அன்றிலிருந்து சமர்ப்பிக்கப்படும் விண்ணப்பங்களில், எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், சட்டவிரோத நுழைவு இருந்தால் வழமையாக நிராகரிக்கப்படும் என்று ஹோம் ஆபிஸ் தனது வழிகாட்டுதலை மாற்றியது. சிறுபடகில் வருவதோடு வாகனத்துக்குள் ஒளிந்து வருவதும் ஆபத்தான பயணமாக அதில் குறிப்பிடப்பட்டது. உயிரைக் காக்க வேறு வழியின்றி வந்து, அகதி என்று இந்நாடே ஏற்றுக்கொண்ட ஒருவரை இப்படி நடத்துவது சட்டவிரோதமாக நுழைந்ததற்காக அகதிகளைத் தண்டிக்கக் கூடாது என்னும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தின் 31ஆம் பிரிவின் நோக்கத்துக்கே முரணானது என்பதே என் கருத்து. ஆயினும் இது முழுத் தடை அல்ல. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அதன் சூழ்நிலையில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கும் தற்றுணிபு உள்துறை அமைச்சருக்கு உண்டு. ஆகவே உங்களுக்குத் தேவையானவர் படிவம் நிரப்புபவர் அல்ல. அந்தத் தற்றுணிபை உங்கள் பக்கம் பயன்படுத்தும்படி, ஆதாரங்களோடு சட்ட வாதத்தை எழுதக்கூடியவர்.

தேடத் தொடங்குமுன் ஒரு வேலையை நீங்களே செய்யலாம். உங்களைப் பற்றி ஹோம் ஆபிஸிடம் உள்ள கோப்பின் பிரதியைக் கேட்டு விண்ணப்பியுங்கள். சட்டத்தரணிகள் இதை சப்ஜெக்ட் அக்சஸ் ரிக்குவெஸ்ட் என்பார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கோப்பு கிடைத்ததும் உங்கள் பெயர் எப்படியெல்லாம் பதிவாகியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நம்மவர்களின் தகப்பன் பெயர் ஒரு கடிதத்தில் குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் முதற்பெயராகவும், மூன்றாவதில் ஓர் எழுத்து குறைந்தும் இருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும் விண்ணப்பத்தில் காட்ட வேண்டும் என்பதால், இந்த வேறுபாடுகளுக்கு முன்கூட்டியே விளக்கம் எழுதி வைப்பது நல்லது.

சொலிசிட்டரைத் தேடுவதற்கு, சொலிசிட்டர்களின் தொழில்சார் சங்கமான லோ சொசைட்டியின் இணையப் பட்டியலில் குடிவரவுத் துறைக்கான அங்கீகாரம் பெற்றவர்களைப் பாருங்கள். குடிவரவுச் சட்டத்தரணிகளின் சங்கமான இல்பாவின் உறுப்பினர் பட்டியலும் உதவும். ஒரு பெயர் கிடைத்ததும், சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அதோரிட்டியின் பதிவேட்டில் அவர் இப்போதும் தொழில் செய்ய அனுமதி பெற்றவரா, அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் எடுக்கப்பட்டதா என்று சரிபாருங்கள். சொலிசிட்டர் அல்லாத ஆலோசகர்களை, 2025 ஜனவரியிலிருந்து இமிக்ரேஷன் அட்வைஸ் அதோரிட்டி என்ற பெயரில் இயங்கும் அமைப்பு மூன்று தரங்களாகப் பதிவு செய்கிறது. ஆரம்ப நிலையான முதலாம் தரத்தினர் நேரடியான, சிக்கலற்ற விண்ணப்பங்களுக்கே உரியவர்கள். உங்கள் விடயத்தை அவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

தமிழ் பேசும் சொலிசிட்டர்தான் வேண்டும் என்று பலர் நினைப்பது எனக்குப் புரிகிறது. தடுப்புக்காவலில் பட்ட துன்பத்தை மொழிபெயர்ப்பாளர் முன்னால் மீண்டும் சொல்வது எளிதல்ல. ஆனாலும் ஊரையும் உறவையும் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். அனுபவத்துக்கே முதலிடம் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் தகுதி பெற்ற ஒருவரைக் கேளுங்கள். அந்தப் பொறுப்பை மகள்மீது சுமத்த வேண்டாம்.

முதற் சந்திப்பிலேயே பெரும்பாலும் ஆளை அறிந்துகொள்ளலாம். நல்ல சொலிசிட்டர் கட்டணம் பற்றிப் பேசுமுன் மேன்முறையீட்டுத் தீர்ப்பைக் கேட்பார். நீங்கள் எப்படி நாட்டுக்குள் வந்தீர்கள் என்பதைத் தானாகவே விசாரிப்பார். வெளிநாட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கடவுச்சீட்டையும் பயணப்பத்திரத்தையும் வைத்துக் கணக்குப் பார்ப்பார், ஏனெனில் ஐந்து ஆண்டுகளில் 450 நாட்களும் கடைசி ஓராண்டில் 90 நாட்களும்தான் வழமையான எல்லை. போக்குவரத்துக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் அபராதம் கட்டியதுண்டா, வரி பாக்கி உண்டா என்றும் கேட்பார். இவை எதையும் கேட்காமல் ‘கட்டாயம் கிடைக்கும்’ என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நீங்களும் அவரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். 2025 பெப்ரவரிக்குப் பின்னர் உங்களைப் போல நுழைந்த எத்தனை பேருக்கு விண்ணப்பித்திருக்கிறார், அவற்றின் முடிவுகள் என்ன, கோப்பைக் கையாளப் போவது அவரா அல்லது அலுவலகத்திலுள்ள கேஸ்வேர்க்கரா, தேவைப்பட்டால் பாரிஸ்டர் ஒருவரின் கருத்தைப் பெறுவாரா என்று கேளுங்கள். ‘இப்போது விண்ணப்பிக்காமல் சற்றுப் பொறுத்திருங்கள்’ என்று ஒருவர் காரணத்தோடு சொன்னால், அவரைத் திறமையற்றவர் என்று எண்ணிவிடாதீர்கள். தனக்கு வரக்கூடிய வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்லும் அறிவுரை அது.

குடியுரிமை விண்ணப்பத்துக்குச் சாதாரணமாக அரச சட்ட உதவி கிடைக்காது. சொலிசிட்டர் நிறுவனங்கள் குடிவரவுப் பணிகளுக்கான தமது கட்டணத்தை இணையத்தளத்தில் வெளியிட வேண்டும் என்ற விதி 2018 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆகவே மூன்று நான்கு இடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே தொகையாகப் பேசி, வாதக் கடிதம் அதில் அடங்குமா, வற் வரி சேர்ந்ததா என்பதை எழுத்தில் பெறுங்கள். ஹோம் ஆபிஸுக்குச் செலுத்தும் 1,600 பவுண்டுக்கு மேற்பட்ட கட்டணம் இதற்குப் புறம்பானது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், குடியுரிமை விழாவுக்குரிய சிறு பகுதியைத் தவிர அது திரும்பி வராது.

நிராகரிப்புக்கு எதிராகத் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யும் உரிமை இல்லை. ஹோம் ஆபிஸிடமே மறுபரிசீலனை கேட்கலாம், அல்லது தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதங்களுக்குள், முடிவு சட்டப்படி சரியானதா என்று நீதிமன்றம் ஆராயும் நீதித்துறை மீளாய்வுக்குச் செல்லலாம். முதல் விண்ணப்பத்திலேயே வாதம் முழுமையாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உண்மையைச் சொல்லி விண்ணப்பித்து நிராகரிக்கப்படுவதால் மட்டும் உங்கள் நிரந்தர வதிவிட உரிமை போய்விடாது.

மகளின் விடயத்தை உங்கள் விண்ணப்பத்தோடு சேர்த்துக் காத்திருக்க வைக்காதீர்கள். இங்கே பிறந்த பிள்ளைக்கு 18 வயதாகுமுன் தாயோ தந்தையோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றால், 1981ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின் 1(3)ஆம் பிரிவின் கீழ் அந்தப் பிள்ளையைப் பிரித்தானியப் பிரஜையாகப் பதிவு செய்யக் கோரலாம். பத்து வயதுக்கு மேற்பட்டவள் என்பதால் நன்னடத்தை பார்க்கப்படும். ஆனால் பார்க்கப்படுவது அவளுடைய நடத்தை, நீங்கள் லொறியில் வந்தது அல்ல. கட்டணம் செலுத்த வசதியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டண விலக்கும் கோரலாம். நீங்கள் தெரிவு செய்யும் சொலிசிட்டரிடம் முதலில் இந்த விண்ணப்பத்தைக் கொடுங்கள். அவர் எப்படி வேலை செய்கிறார் என்பதை அதில் பார்த்துவிட்டு, உங்கள் கோப்பை அவரிடம் ஒப்படைப்பதா என்று முடிவு செய்யலாம்.