கேளையாட்டின் கோரைப்பல் – கடிதம்

வணக்கம் சார்,

பெரம்பூரில் இருக்கிறேன், சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை விலங்குகளைப் பற்றிய ஒரு புத்தகத்துக்குக் கேளையாடு என்கிற சின்ன மானை வரைய வேண்டியிருந்தது. போன டிசம்பரில் வால்பாறையில் நானே எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தேன். உதட்டுக்கு வெளியே கோரைப்பல், முகத்தில் கறுப்புக் கோடு, கண்ணுக்குக் கீழே ஒரு குழி, எல்லாம் அதில் இருந்தபடிதான். பதிப்பகத்தில், பல்லைப் பார்த்தால் குழந்தைகள் பயப்படும் எடுத்துவிடுங்கள், குழி காயம் மாதிரி இருக்கிறது, உடம்பில் நாலு புள்ளி வைத்தால்தான் மான் என்று தெரியும் என்கிறார்கள். மாற்றிக் கொடுத்துவிடவா? இன்னொரு சந்தேகம், சிவன் கையில் இருக்கும் மான் கேளையாடா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பல்லை எடுக்காதீர்கள்.

மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இது. அந்தப் பல் போய்விட்டால் நீங்கள் வரைந்தது கேளையாடு இல்லை, கொம்பு சரியாக வளராத ஏதோ ஒரு மான். கிடாவுக்கு மேல்தாடையில் இருக்கும் அந்தக் கோரைப்பல் ஏறக்குறைய ஒரு அங்குலம் வளரும். கொம்பு சின்னது, அதை வைத்துக்கொண்டு எதிரியைத் தள்ளத்தான் முடியும், தள்ளித் தடுமாற வைத்துவிட்டுப் பல்லால் கிழிக்கும். அந்தப் பல்தான் அதற்கு ஆயுதம்.

புள்ளியும் வேண்டாம். கேளையாட்டுக் குட்டிக்குத்தான் புள்ளி உண்டு, வளர வளர மறைந்துவிடும். சென்னைப் பிள்ளைகளுக்குப் புள்ளிமான் புதிதே இல்லை, கிண்டியில் பார்த்திருப்பார்கள், ஐஐடி வளாகத்துக்குள் போனவர்கள் சாலையோரத்திலேயே பார்த்திருப்பார்கள். தெரிந்த மானையே இன்னொரு பெயரில் காட்டுவதற்கு ஒரு புத்தகம் எதற்கு?

அந்தக் குழி காயம் இல்லை, சுரப்பி. கண்ணுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்று இருக்கும், அதைக் கேளையாடு நினைத்தபோது அகல விரிக்கும். விரிந்த நேரத்தில் எடுத்த போட்டோவில் நாலு கண் இருப்பதுபோலத் தெரியும், உங்களுக்கு அப்படி ஒரு நொடி வாய்த்திருக்கிறது. நெற்றியிலும் இரண்டு சுரப்பிக் கீற்றுகள் உண்டு. கொம்பைத் தாங்கும் எலும்புத் தண்டு இருக்கிறதே, ரோமம் போர்த்தி நீளமாக, அது முகத்திலேயே இரண்டு மேடாகத் தொடங்கி மேலே ஏறும், அதை ஒட்டித்தான் அந்தக் கறுப்புக் கோடுகள். இந்த அமைப்பை உடைய தலை நம் காட்டில் வேறு எந்த மானுக்கும் கிடையாது. இந்த இனத்துக்கு அடையாளமே தலைதான். 1994-ல் வியட்நாமின் வூ குவாங் காட்டுப் பகுதியில் பெரிய கொம்புள்ள ஒரு கேளையாட்டு இனம் உலகத்துக்குத் தெரிய வந்தபோது, கையில் கிடைத்தவை வேட்டைக்காரர்கள் வைத்திருந்த மண்டையோடுகளும் கொம்புகளும்தான். அதை வைத்தே புது இனம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட முகத்தைத்தான் உங்களை அழிக்கச் சொல்கிறார்கள்.

சீனாவின் காண்டன் நகரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பரிசோதகராக 1812-ல் போய்ச் சேர்ந்தவர் ஜான் ரீவ்ஸ். சீன ஓவியர்களை அமர்த்தி, மீன், பறவை, செடி என்று நூற்றுக்கணக்கில் வரைய வைத்தார். பார்க்காதவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கான படங்கள் அவை, அதனால் இருப்பதை இருக்கிறபடி வரைய வேண்டியிருந்தது. சீனக் கேளையாட்டு இனம் ஒன்றுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். உங்கள் புத்தகத்தைத் திறக்கப்போகும் பிள்ளையும் அந்த விலங்கைப் பார்க்காதவள்தானே.

நானே பல வருஷம் அதைப் பார்த்ததில்லை, கேட்டதோடு சரி. டாப்ஸ்லிப்பில் ஒரு சாயங்காலம், மூங்கில் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம், பள்ளத்தில் நாய் குரைத்தது. காட்டுக்குள் யார் நாயைக் கூட்டிவந்தது என்று நான் கேட்டேன், கூட வந்த காடர் பழங்குடிப் பெரியவர் கையைக் காட்டி என்னை நிறுத்தி, "கேளை கத்துது, ஏதோ நிக்குது அங்க" என்றார். ஒரே ஒரு குரைப்பு, சில நொடி அமைதி, மறுபடி ஒன்று. நன்றாக இருட்டும்வரை விடவில்லை. புலியா சிறுத்தையா, கடைசிவரை தெரியவில்லை. மறுநாள் காலையில் அதே பள்ளத்தில் ஒரு புதர் நிழலில் நெல்லிக்கொட்டைகள் கைப்பிடி அளவு கிடந்தன, சதை துளியும் இல்லாமல், கழுவி வைத்ததுபோல. மான்கள் நெல்லிக்காயை முழுசாக விழுங்கிவிட்டு, படுத்து அசைபோடும்போது கொட்டையை வெளியே துப்பிவிடும் என்று பெரியவர்தான் சொன்னார். அங்கே பக்கத்தில் நெல்லி மரமே இல்லை. அந்தக் கொட்டைகளில் ஒன்றிரண்டாவது முளைத்திருக்கும்.

சிவன் கை மானுக்கு வருகிறேன். எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் போய் நின்று பாருங்கள், விரல் நுனியில் பின்னங்காலை ஊன்றித் துள்ளும் சின்ன உருவம் அது. மான்மறி என்பார்கள். மறி என்றால் குட்டி. ஆடு, குதிரை, அப்புறம் நவ்வி, உழை, புல்வாய் என்கிற மான் வகைகள், இவற்றின் குட்டிக்கு அந்தப் பெயர் என்று தொல்காப்பியம் சொல்கிறது. இன்ன இனம் என்று அந்த உருவத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நிமிர்ந்த கழுத்தையும் நீண்ட காலையும் பார்த்தால் எனக்குப் புல்வாய், அதாவது வெளிமான்தான் ஞாபகம் வருகிறது. கேளையாட்டின் முதுகு பின்பக்கம் உயர்ந்து, தலை தாழ்ந்து இருக்கும், நடையே பதுங்கல்.

அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய்விட்டு வாருங்கள். அர்ச்சுனன் தபசுப் பாறையின் கீழ்ப்பகுதியில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். அதுவும் கேளையாடு இல்லை. ஆனால் அதைச் செதுக்கியவர் மானை வெகுநேரம் பார்த்திருக்கிறார், இல்லாவிட்டால் அந்தக் கால் அந்த வளைவில் வராது. அழகாக இருக்கட்டும் என்று அவர் எதையும் சேர்க்கவில்லை, சொறிகிற மானே அழகாகத்தான் இருக்கிறது.

பயம் என்கிறார்களே, அதற்கு ஒரு வழி தோன்றுகிறது. கேளையாட்டை நெல்லி மரத்தடியில் நிறுத்துங்கள், வாயில் ஒரு நெல்லிக்காய் இருக்கட்டும், பல்லும் பக்கத்திலேயே தெரியட்டும். கண்ணுக்குக் கீழே குழியை விரிந்தபடியே விடுங்கள், பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நிறத்தைத் தூக்கலாக்க வேண்டாம், உங்கள் போட்டோவில் நிழலில் நிற்கும் அந்தச் செம்பழுப்பே போதும். அப்புறம் அந்தப் போட்டோவை எனக்கும் அனுப்புங்கள். பதிப்பகத்துக்குப் படத்தோடு சேர்த்து அதையும் கொடுத்துப் பாருங்கள்.