ஓபன் வாட்டர் முடிச்ச கையோட மூழ்கின கப்பலுக்குள்ள போலாமா?

கேள்வி: ஓபன் வாட்டர் (ஸ்கூபா டைவிங்கோட முதல் கோர்ஸ்) முடிச்சு 14 டைவ் பண்ணியிருக்கேன். அடுத்த மாசம் இந்தோனேசியாவோட பாலித் தீவுல இருக்குற துலாம்பென் போய், அங்க மூழ்கிக் கிடக்குற லிபர்ட்டி கப்பல்ல டைவ் பண்ணப் போறேன். கைட் கூடவே வந்து உள்ள கூட்டிட்டுப் போறேன்னு சொல்றார், போலாமா? தண்ணி வெதுவெதுன்னு இருக்குமே, வெட்சூட் (உடம்ப ஒட்டிப் போடுற ரப்பர் டைவிங் உடை) வேணுமா?

பதில்: கப்பல சுத்தி சுத்திப் பாருங்க, ஆனா மூடின அறைக்குள்ள மட்டும் வேணாம், கைட் எவ்வளவு பழக்கமானவரா இருந்தாலும் சரி.

லிபர்ட்டி 1942 ஜனவரில ஜப்பான் நீர்மூழ்கி விட்ட டார்பிடோல அடிபட்டு துலாம்பென் கரையில ஏத்தி விடப்பட்ட சரக்குக் கப்பல், 1963ல ஆகுங் எரிமலை வெடிச்சப்போ கடலுக்குள்ள சரிஞ்சிருச்சு, அதனாலதான் இன்னிக்கும் படகு இல்லாம கரையிலேர்ந்தே நடந்து இறங்க முடியுது. மேல்பக்கம் ரொம்ப ஆழம் கிடையாது, அடிப்பக்கம் கிட்டத்தட்ட 30 மீட்டர் போகும். உங்க ஓபன் வாட்டர் சான்றிதழ் கார்டுக்கு 18 மீட்டர்தான், அதுக்குள்ளயே ஒரு முழு டைவுக்குப் பாக்க நிறைய இருக்கு.

பல இடத்துல கப்பல் உடைஞ்சு திறந்து கிடக்கும். நுழையுற இடத்துல நின்னாலே அந்தப் பக்கம் வெளிய போற வழியும் வெளிச்சமும் நல்லா தெரியுது, ரெண்டு பேர் தாராளமா போற அகலம்னா, கைட் பின்னாடி போலாம், தப்பில்ல. ஒரு திருப்பம் திரும்பினா வெளிச்சம் போயிடும்னா அது வேற விளையாட்டு, அதுக்குன்னு தனி கோர்ஸ் இருக்கு.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, உள்ள பல வருஷமா படிஞ்ச வண்டல் மாவு மாதிரி கிடக்கும், கால்ல மாட்டுற ஃபின்ன (நீச்சல் துடுப்ப) ஒரு தடவ கீழ் பாத்து அடிச்சா போதும், பழுப்பா கிளம்பி மூடிடும். அடிக்கவே இல்லன்னாலும் நீங்க விடுற குமிழி போய் கூரைல முட்டி, கொஞ்ச நேரத்துல துரு செதில் செதிலா தலைல கொட்டும். ட்ரெயினிங்ல எனக்கு இப்படி ஆச்சு, ஏர் எவ்வளவு மிச்சம்னு காட்டுற கேஜ மாஸ்க் கண்ணாடில ஒட்ட வச்சும் முள்ளு தெரியல, இடது கைல இருந்த, வாசல் வரைக்கும் போற கயித்த தடவித் தடவித்தான் வெளிய வந்தேன். அந்தக் கயிறு இல்லாம இருந்திருந்தா வாசல் எந்தப் பக்கம்னே தெரிஞ்சிருக்காது. மேல கூரை, நேரா ஏறவும் முடியாது. அதனாலதான் உள்ள போறவங்க ஏர மூணு பங்கா பிரிப்பாங்க, டேங்க்ல அழுத்தம் 180 பார்னா 60 போக, 60 திரும்ப, 60 தொடவே கூடாத கையிருப்பு. 14 டைவ்ல ஏர் கொஞ்சம் வேகமாத்தான் தீரும், எல்லாருக்கும் அப்படித்தான்.

வெட்சூட் கண்டிப்பா போடுங்க, முழுக்கை முழுக்கால், 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். 28 டிகிரி தண்ணியும் நம்ம உடம்பு சூட்ட விடக் கம்மிதான், 50 நிமிஷத்துல நடுக்கம் எடுக்கும். அத விட முக்கியம் கப்பல் தகடு. துருப்பிடிச்ச விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும், வெப்பக்கடல்ல அது மேல சுள்ளுன்னு எரிக்கிற ஃபயர் கோரலும் வளர்ந்திருக்கும், கல்லுன்னு நினைச்சு கை வச்சா ஸ்டோன்ஃபிஷ்ஷா இருக்கலாம். எதையும் பிடிக்காதீங்க. பிடிக்காம இருக்கணும்னா பாயன்சி (மேல மிதக்காம, கீழ முங்காம ஒரே மட்டத்துல நிக்கிறது) சரியா இருக்கணும், அதனால முதல் நாள் கப்பல் பக்கமே போகாம மணல் மேல ஒரு டைவ் போட்டு இடுப்புல கட்டுற ஈய வெயிட்ட சரி பண்ணிக்கோங்க, காலத் தவளை மாதிரி அடிச்சுப் பழகுங்க.

பகல் டைவா இருந்தாலும் டார்ச் எடுத்துட்டுப் போங்க. ஆழம் போகப் போக சிவப்பு நிறம்தான் முதல்ல காணாம போகும், எல்லாமே நீலச்சாம்பலா தெரியும். ஒரு இரும்புச் சட்டம் மேல டார்ச்ச அடிச்சுப் பாருங்க, அந்த வட்டத்துக்குள்ள மட்டும் ஸ்பாஞ்சும் மென்பவளமும் ரத்தச் சிவப்பா நிக்கும், எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அது அலுக்கல.

இன்னொண்ணு, கடைசி டைவுக்கும் ஊர் திரும்புற ஃப்ளைட்டுக்கும் நடுவுல குறைஞ்சது 18 மணி நேரம் விட்டு டிக்கெட் போடுங்க.