முன்னால் ஓடும் முதுகு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் முதல் முழு மாரத்தானை ஓடி முடித்தேன். எப்போதும் தனியாகவே பயிற்சி செய்பவன் நான். முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் கால் நகர மறுத்தது. விலகிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்போது எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் என்னைக் கடந்து போனார். பேச்சு எதுவும் இல்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை ஓடிவிட்டேன். சந்தோஷம்தான். ஆனால் என் மனவலிமையால் முடிக்கவில்லையே, யாரையோ பிடித்துக்கொண்டு முடித்தேனே என்று உறுத்துகிறது. அடுத்த முறை ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் ஓடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

வாழ்த்துகள். 42.195 கிலோமீட்டரை முடித்துவிட்டு உறுத்துகிறது என்று கடிதம் எழுதுகிறீர்கள். ஓடுகிறவர்கள் ஒரு மாதிரிதான்.

முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் உங்களுக்கு நடந்ததை மனவலிமைக் கணக்கில் எழுதாதீர்கள். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு பலருக்கும் ஏறக்குறைய அங்கேதான் தீர்கிறது. 'சுவரில் முட்டுவது' என்று ஓட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். அந்த நேரத்தில் உடம்பின் புகார்களைக் கேட்கவே மனதுக்கு நேரம் போதாது. உங்கள் வேகத்தை அந்தப் பெரியவர் பார்த்துக்கொண்டார், நீங்கள் காலை மட்டும் எடுத்து வைத்தீர்கள். பின்னால் கேட்ட உங்கள் காலடிச் சத்தத்துக்காக அவரும் நடக்காமல் ஓடியிருக்கலாம், யார் கண்டது.

இதை ஒரு ஏற்பாடாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2019-இல் வியன்னாவில் கென்ய ஓட்டவீரர் எலியுட் கிப்சோகே இந்தத் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியபோது 41 பேர் முறை வைத்து அவரோடு ஓடினார்கள். காற்றை மறைப்பதும் வேகத்தைப் பிடித்துக் கொடுப்பதும் அவர்கள் வேலை. அது உலக சாதனைக் கணக்கில் சேரவில்லை, அது நியாயமும்கூட. ஆனால் ஓடியது கிப்சோகே இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. ஒரு நொடி தாமதமானாலும் பதக்கம் கிடையாது. அங்கே அனுபவசாலி ஒருவர் முன்னால் ஓட, பெருங்கூட்டம் பின்னால் போகும். கூட்டத்துக்குப் பெயர் 'பஸ்', முன்னால் ஓடுகிறவர் 'டிரைவர்'. எங்கே நடக்க வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பாட்டுக்கூடப் பாடிக்கொண்டு போவார்கள். முடித்தவர் எவரும் பஸ்ஸில் வந்தேன் என்று சொல்லக் கூச்சப்படுவதில்லை.

2018 பாஸ்டன் மாரத்தானில் குளிர்மழை, எதிர்க்காற்று. அமெரிக்க வீராங்கனை டெஸ் லிண்டனுக்கு ஆரம்பத்திலேயே முடியவில்லை. விலகிவிடுவேன் போலிருக்கிறது, அதற்கு முன் ஏதாவது உதவி வேண்டுமானால் சொல் என்று சக வீராங்கனை ஷலேன் ஃப்ளானகனிடம் சொன்னார். ஃப்ளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது லிண்டன் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, முன்னணிக் கூட்டத்தை எட்டிப்பிடிக்க உதவினார். கடைசியில் வென்றது லிண்டன்தான். உதவியதால் வென்றார் என்று நான் சொல்லமாட்டேன், அது கதைக்குத்தான் அழகு. ஆனால் விலகும் யோசனையோடு இருந்தவரை அந்த வேலை கொஞ்ச நேரம் ஓட்டத்தில் இருத்தி வைத்தது என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை உண்டு. முதல் பத்து கிலோமீட்டரில் யார் முதுகையும் நம்பாதீர்கள். கிளம்பிய உற்சாகத்தில் எல்லோரும் தேவைக்கு மேல் வேகமாகப் போவார்கள். உங்களுக்கு முன்னால் போகிறவர் அரை மாரத்தான் ஓடுகிறவராகவும் இருக்கலாம். அவர் பின்னால் போனால் முப்பதில் வர வேண்டிய சுவர் இருபத்தைந்திலேயே வந்துவிடும்.

ஹெட்போன் பயிற்சிக்கு இருக்கட்டும். போட்டியில் பின்னால் வருகிறவர் வழி கேட்பது காதில் விழ வேண்டும். அடுத்த முறை, நேரம் எழுதிய கொடியோடு, அந்த நேரத்துக்குள் முடிக்கும் வேகத்தில் ஓடிக்காட்டும் பேசர்களில் (pacer) உங்கள் இலக்கைவிடச் சற்று மெதுவான ஒருவரோடு கிளம்புங்கள். முப்பதுக்குப் பிறகு தெம்பிருந்தால் அவரை விட்டுவிட்டுப் போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்.