பெரிய ஜெனரேட்டர் வாங்கினால் அதிக நாள் உழைக்குமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மின் இணைப்பே கிடையாது, சோலாரும் 48 வோல்ட் பேட்டரியும்தான். நாலு நாள் மேகம் கட்டினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. 60 ஆம்பியர் சார்ஜரும் ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் இருக்கின்றன. பத்து வருஷமாவது உழைக்க வேண்டும் என்று 15 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் பார்த்து வைத்திருக்கிறேன். சரியா?

பதில்: வேண்டாம், அது உங்களுக்கு ரொம்பப் பெரிசு. டீசல் இன்ஜினுக்கு வேலை அதிகமாவது மட்டுமல்ல, வேலை இல்லாமல் ஓடுவதும் கெடுதல். லோடு 30 சதவீதத்துக்குக் கீழே மணிக்கணக்காக ஓடினால் உள்ளே சூடு போதாமல் டீசல் முழுசாக எரியாது, மிச்சம் சைலன்சரில் போய்ப் படியும். பெரிசாக வாங்கிச் சும்மா ஓட்டும் இடங்களில் சைலன்சர் இணைப்பைத் தடவிப் பாருங்கள், விரலில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டும்.

உங்கள் கணக்கைப் போடுவோம். சார்ஜர் பேட்டரிக்குக் கொடுப்பது 3.2 கிலோவாட், இழப்பையும் சேர்த்தால் 3.6 வரை இழுக்கும், வீட்டுக்கு ஒரு கிலோவாட் வைத்தால் 4.6. கேவிஏவை 0.8 ஆல் பெருக்கினால் கிலோவாட், அதனால் 7.5 கேவிஏ என்பது 6 கிலோவாட். முக்கால் பங்கு லோடு, இன்ஜினுக்குப் பிடித்த இடம். மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பது உண்மைதான், அதற்காக ஜெனரேட்டரைப் பெரிசாக்காமல் மோட்டாரை முதலில் போட்டு, தண்ணீர் ஏறி முடிந்ததும் சார்ஜரைப் போடுங்கள். பேட்டரி லெட் ஆசிட் என்றால், 80, 85 சதவீதம் ஏறியதும் ஜெனரேட்டரை நிறுத்திவிடலாம், அதற்கு மேல் கரண்ட் குறைந்து மெதுவாகத்தான் ஏறும், அந்த மிச்சத்தை வெயில் வந்ததும் சோலார் பார்த்துக்கொள்ளும் (வாரக்கணக்கில் அரைகுறையாக விட்டுவிடக் கூடாது, அது பேட்டரிக்கு ஆகாது).

உழைப்பு என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது பெயர்ப்பலகையில் இருக்கும் ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது. 50 ஹெர்ட்ஸுக்கு 3000, 1500 என்று இரண்டு வகை கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் முதலாவது 1,80,000 சுற்று சுற்றும், இரண்டாவது அதில் பாதி. அதனால் இரண்டாவதில் சத்தமும் தேய்மானமும் குறைவு, ஆனால் எடையும் விலையும் கூடுதல். அடிக்கடி ஓட்டப்போகிற உங்களுக்கு 1500 ஆர்பிஎம், தண்ணீரில் குளிரும் டீசல்தான் என் தேர்வு. ஸ்டாண்ட்பை (அவசரத்துக்கு மட்டும் ஓட்ட), பிரைம் (வழக்கமாக ஓட்ட) என்று இரண்டு அளவு போட்டிருந்தால் பிரைம் அளவைத்தான் நம்ப வேண்டும். ஆல்டர்னேட்டரில், அதாவது மின்சாரம் உண்டாக்கும் பாகத்தில், செப்பு வைண்டிங்கா என்றும் கேளுங்கள். வருஷத்துக்கு நாலைந்து நாள்தான் தேவை என்றால் மட்டும் சின்ன பெட்ரோல் போதும், ஆனால் மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகிவிடும், வைக்கும்போது அதை வடித்துவிடுங்கள்.

அப்புறம் பராமரிப்பு. புது இன்ஜினுக்கு முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வரும், கையேட்டில் போட்டிருக்கும் மணிக்கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள், எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டர் இல்லாத மெஷினை வாங்கவே வேண்டாம். ஃபில்டர்கள் இரண்டு செட், ஒரு பெல்ட் வீட்டிலேயே இருக்கட்டும். தேவைப்படாத மாதத்திலும் ஒருமுறை அரை மணி நேரம், கட்டாயம் லோடு போட்டு ஓட்டுங்கள்.

வைக்கும் இடம் வீட்டுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி. மழைக்கு நனைகிறதே என்று வராந்தாவுக்கு இழுத்து வந்துவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தனியாக ஒரு கூரை போட்டுக்கொடுங்கள், நாலு பக்கமும் திறந்தபடி.