கோழிக்கறியில் 'மருந்துக்கு அடங்காத கிருமி' என்றால் என்ன?

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது.

ஆன்டிபயாடிக் கொடுத்தும் சாகாத பாக்டீரியாவைத்தான் அப்படிச் சொல்கிறோம். நோய் வராமல் இருக்கவும், கோழி சீக்கிரம் எடை போடவும் தீவனத்தில் இந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும் வழக்கம் பண்ணைகளில் உண்டு. பலவீனமான கிருமிகள் செத்துவிடும். தாங்கியவை பிழைத்துப் பெருகும்.

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போடுபவர்களுக்கு இது புதிதல்ல. மொட்டுப்புழுவுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், பிறகு அந்த மருந்து கேட்காது. கிருமியோ இன்னும் ஒரு படி மேலே போகும். தாங்கும் திறனுக்கான மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு வகைக் கிருமிக்கும் கொடுத்துவிடும். என் பெரிய கவலை இதுதான். கொலிஸ்டின் என்பது, மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கொடுப்பது. அதைக் கோழிக்கும் கொடுத்து வந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை செய்தது.

சரி, கறியை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரை வெந்தால் இந்தக் கிருமியும் செத்துவிடும். கவனம் தேவைப்படுவது பச்சைக் கறியில்: கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், சோப்புப் போடாத கை, அப்புறம் கறி வெட்டிய அரிவாள்மனையிலேயே வெங்காயம் நறுக்குவது.

"நான் ஆன்டிபயாடிக்கே சாப்பிட்டதில்லை, எனக்கு என்ன வரப்போகிறது?" என்று பலர் நினைக்கிறார்கள். மருந்துக்குப் பழகுவது உங்கள் உடம்பு அல்ல, கிருமி; அது யார் உடம்புக்குள்ளும் போகலாம்.